என்ன தண்ணி

ஐயாயிரம் பெட்டி டைல்ஸ் விற்றதற்காக
கம்பெனி என்னைக் கடலில் ஏற்றியது.
சேலத்துக்காரனுக்கு அதுவரை கடல் என்றால்
மேட்டூர் நிரம்பிவிட்டது என்ற செய்திதான்.

கப்பலில் நாலு ராத்திரி.
பத்தாவது மாடியில் குளிக்க ஒரு தொட்டி,
சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருக்க.
என்னோடு ஆத்தூர் டீலர் ராஜகணபதி,
ஊறுகாய் பாட்டிலோடு.

மூன்றாம் நாள் பினாங்கு.
ஆறு மணி நேரம்தான், பிந்தினால் கப்பல் நிற்காது என்று
ஒலிபெருக்கி நாலு மொழியில் சொன்னது.
நம்முடையது அதில் இல்லை.

இறங்கி மூன்றாவது தெருவில்
பூக்கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில்
ஒருவர் கேட்டார்:
"பசியாறிட்டீங்களா?"
காலை பத்து மணி.
நம் ஊரில் பசி ஆறுவதில்லை,
டிபன் ஆகும்.

உட்கார்ந்ததும், "என்ன தண்ணி?"
ராஜகணபதி என் முழங்கையை இடித்தான்:
"காலங்காத்தாலயேவா!"
அங்கே டீயும் தண்ணி, காப்பியும் தண்ணி,
ஐஸ் போட்ட எலுமிச்சையும் தண்ணி.
நாங்கள் சிரித்த சிரிப்புக்கு
அவர் கோபித்துக்கொள்ளவில்லை.
பார்சலா என்று கேட்க, "தபாவ்வா?" என்றார்.

டிஷ்யூ தாளில் எழுதிக்கொண்டேன்.
பசியாறு. தண்ணி. தபாவ்.

"ஏனுங், எவ்ளோங்?" என்றபோது
மீதிச் சில்லறையோடு கை நின்றது.
"அந்தக் கடைசி எழுத்தை
இன்னொரு தரம் சொல்லுங்க."

என்னிடம் அப்படி ஒன்று இருப்பதே
எனக்கு அன்றுதான் தெரியும்.

சேலம். புதன்கிழமை. அம்மாபேட்டை.
லோடு வந்துவிட்டது, மாதேஸ் கத்துகிறான்:
"சித்த அக்கட்டால போங்ண்ணா!"
கண்டக்டர் கொண்டலாம்பட்டியை
நடு எழுத்துகளை விழுங்கிவிட்டு
"கொண்லாம்டி கொண்லாம்டி" என்று துப்புகிறார்.
தட்டுவடை செட்டுக் கடையில் பூங்காவனம்,
பீட்ரூட் ஏறிய விரல்கள்,
"காரம் எச்சா வைக்கட்டுங்ளா?"
தினமும் இதே கேள்விதான்.
இன்றைக்குத்தான் காதில் விழுகிறது.

கடைக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்
ரேணுகா அக்கா வீடு. சௌராஷ்டிரம் பேசுவார்கள்.
முப்பத்தொரு வருசமாக
அந்தச் சுவர் வழியே வருகிறது,
மருமகளோடு சண்டை, போனில் கல்யாணப் பேச்சு,
பூனையை விரட்டுவது.
சத்தம் ஏறுவதும் இறங்குவதும் தெரியும்.
சொல் ஒன்றுகூடத் தெரியாது.

பினாங்கில் ஆறு மணி நேரத்தில் மூன்று.

ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன்.
"அக்கா, உங்க பாஷையில தண்ணிக்கு என்னங்க?"
"ஏன், உங்க பக்கம் தண்ணி வரலையா?"
"இல்லீங்க்கா, சொல்லு. அந்தச் சொல்லு."
துவைத்துக்கொண்டிருந்த கை நின்றது.
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
"பானி."
"வாங்கன்னு சொல்ல?"
"அவோ."

சொல்லிப் பார்த்தேன்.
என்ன தப்போ, எங்கே இழுத்தேனோ,
ரேணுகா அக்கா சிரித்த சிரிப்பில்
சோப்பு டப்பா உருண்டது.
மருமகளைக் கூப்பிட்டாள்,
எதிர்வீட்டுப் பையனையும் கூப்பிட்டாள்.
"இன்னொரு தரம் சொல்லுங்க, இவங்களும் கேக்கட்டும்."

ஸ்டூல்மேல் நின்று இன்னொரு தரம் சொன்னேன்.

"அண்ணா, கஸ்டமருங்!" என்றான் மாதேஸ்.

இறங்கும்போது அக்கா மறுபடி வாளியைப் பார்த்தாள்.
தண்ணி இன்னிக்கு இல்லையாம்,
நாளன்னைக்குத்தானாம்.