நாற்பத்தொரு வரிகள்

டோர்ஷவுன் துறைமுகத்தைக் காற்று
உலுக்கி எடுத்த அந்த இரவில்
தீவுகள் எல்லாம் ஒரே பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தன:
படகு உண்டா, இல்லையா.
பதில் ஒரு சொல்.
சர்வர் எழுதி வைத்ததோ முப்பது லட்சம் வரி.

சுன்வாவின் பழைய நிரல்
ஒரு வரி எடுக்கும், கதவைத் திறக்கும்,
வைக்கும், கையொப்பம் வாங்கும், கதவைச் சாத்தும்.
அடுத்த வரிக்கு மறுபடியும் கதவு.
போதாக்குறைக்கு நான்கு இண்டெக்ஸ்கள்,
பந்தியில் பிந்தி வந்தவனுக்காக
வரிசையே எழுந்து நகர்ந்து உட்கார்வதுபோல,
ஒவ்வொரு முறையும்.
இரண்டு நாள் ஓடியும்
புயலின் நள்ளிரவைத் தாண்டவில்லை அது.

சன்னலுக்குக் கீழே கிரேன்
பெட்டி பெட்டியாகக் காட் மீன் இறக்கிக்கொண்டிருந்தது.
"மீனுக்கு ஒரு ரசீது போட்டால் நாறிப்போகும்"
என்றான் ரோயி, வாயில் ரொட்டியோடு,
அவளைப் பார்க்காமலே.

அவன் சொன்னான் என்பதற்காகவே
ஒரு மணிநேரம் சும்மா இருந்தாள்.

பிறகு இண்டெக்ஸ்களைக் கழற்றினாள்.
நிபந்தனை எதுவுமில்லாத
ஒரு மொட்டை அட்டவணை போட்டாள்;
தேதிகூட அங்கே தேதியில்லை, வெறும் எழுத்து.
கோப்பை அப்படியே கவிழ்த்தாள் அதில்.
லட்சம் தடவை வரும் உலாவியின் நீளப் பெயரை
ஒருமுறை எழுதி, மற்ற இடத்தில் ஓர் எண்.
அங்கிருந்து நிஜ அட்டவணைக்கு
பத்தாயிரம் வரிக்கு ஒரே கையொப்பம்.
இண்டெக்ஸ் எல்லாம் முடிந்த பின்னால்தான்.

நான்கு நிமிடம், பன்னிரண்டு நொடி.
ரோயியின் காப்பியில் ஆவி இன்னும் போகவில்லை.

நாற்பத்தொரு வரிகள் மட்டும்
உள்ளே வர மறுத்துத் தனிக்கோப்பில் நின்றன.
பாதியில் அறுந்தவை, மேற்கோள் குறி மூடாதவை,
பூட்டு எங்கே இளகும் என்று தடவிப் பார்த்த
யாரோ ஒருவனின் குப்பை.
முப்பது லட்சத்தில் ஒன்றைக்கூட
கண்ணால் பார்க்கவில்லையே என்று
இதையாவது படித்தாள்.

முப்பத்தேழாவது:
துறைமுகத்தின் பெயர் கேட்கும் கட்டத்தில்
யாரோ அடித்திருந்தார்கள்,
இரவு இரண்டு பதினேழுக்கு,
"என் இரண்டு கடாக்களும் படகில். நான் கரையில்.

திறந்த மேற்கோள் மூடவில்லை.

மூடினாள்.
அந்த ஒரு வரியைப் பழைய வழியில்
கதவு திறந்து, வைத்து, கையொப்பம் வாங்கினாள்.
படகு அன்று கிளம்பவேயில்லை, அது அவளுக்குத் தெரியும்.
"ரோயி, அந்தக் கடாக்களை எப்படி இறக்கியிருப்பார்கள்?"

மென்றுகொண்டே யோசித்தான்.
"ஒவ்வொன்றாகத்தான்."