ஈயம்

வாலிநோக்கத்தில் வலைச்சாமான் கடை எனக்கு.
வலைக்கு ஈயம் வாங்குகிறவன்
எண்ணமாட்டான், அள்ளுவான்.
சாத்தையா ஒவ்வொன்றாக எடுத்து
உள்ளங்கையில் உருட்டினான்.
நசுங்கியதைத் திருப்பி வைத்தான்.

"ரவை போட்டா தோல் சல்லடை லாத்தா,
கறியில பல்லு உடையும்.
சைக்கிள் பால்ஸ் எலும்புல பட்டுத் தெறிச்சுரும்.
ஈயந்தான்
உள்ள போயி பூ மாதிரி விரியும்."

பூ என்றான்,
மல்லிகைக்கு விலை கேட்பவன்போல.

ஏழு எடுத்தான்.
சில்லறை சரியாக இருந்தது.
கல்லாவில் போட்டேன்.

புதன்கிழமை உப்பளத்து வரப்பில்
ஒரு புள்ளிமான், பிணை.
உடைமரக் காட்டில் எங்கோ அடிபட்டு
தண்ணீரென்று நினைத்துப்
பாத்திவரை வந்திருக்கிறது.
வாயெல்லாம் உப்பு.

கால்நடை டாக்டர்
எவர்சில்வர் கிண்ணத்தில் டொக்கென்று போட்டார்.
விரியவே இல்லை.
உருக்கக்கூடப் பொறுக்காமல்
அப்படியே கெட்டித்திருக்கிறான்.
சற்றே கோணியிருந்தது,
கயிறு கோக்கும் துளை மட்டும்
துளையாகவே.

"யார் கடைச் சாமான் இது?"
வனக்காவலர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"எல்லாக் கடையிலும் இதுதான்"
என்றேன் நான்,
யாரும் கேட்காமலே.