கட்பதுகா

தீவனம் மூட்டைக்கு நாற்பது லிரா ஏறிய வாரம் அது.
வந்திறங்கிய ஒன்பது பேரிடமும்
குலிஸார் எப்போதும் சொல்வதையே சொன்னாள்:
"கபதோக்யா என்றால்
அழகிய குதிரைகளின் நாடு.
பழைய பாரசீகம்."
தலைக்கு ஆயிரத்து இருநூறு. தலைக்கவசம் இலவசம்.

ஒன்பதாவது ஆள்
ஜெர்மனியில் ஆப்பெழுத்துப் படித்தவன்.
சேணத்தில் ஏறாமலே நின்றான்.
பாரசீக மன்னன் பாறையில் வெட்டியது கட்பதுகா என்றான்,
அதில் குதிரை எங்கும் இல்லை.
அதற்கும் முன்னால் ஹிட்டைட் மொழியில்
கட்டா என்றால் கீழே, பேடா என்றால் இடம்.
கீழிடம்.
அவ்வளவுதானாம். அதுவும் ஓர் ஊகம்தானாம்.
கிரேக்க வாயில் 'ட்'டை 'ப்' விழுங்கியது,
ரோமன் அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டான்,
துருக்கியில் வால் சற்றுக் குட்டையானது.

குலிஸார் கடிவாளத்தைக் கொக்கியில் மாட்டினாள்.
"கீழிடம் என்று பலகை வைத்தால்
இஸ்தான்புல்லிலிருந்து எவன் வருவான்?"
அவள் காதில் 'கட்' மட்டும் தங்கிவிட்டது.
கட் என்றால் அவள் பேச்சில் மாடி.
தம்பி நெவ்ஷெஹிரில் ஐந்தாம் கட்டில் குடியிருக்கிறான்,
லிப்ட் கிடையாது.

வியாழன் மாலை, ஆப்ரிகாட் தோட்டத்து ஓரம்,
ஃபின்டிக்கின் பின்னங்கால் மண்ணுக்குள் இறங்கியது.
தொடை வரைக்கும்.
கனைக்கவில்லை; மூக்கு மட்டும் புஸ்ஸென்றது.
பக்கத்து நிலத்துச் சாத்தில்மிஷ், அவன் டிராக்டர்,
இரண்டு கயிறு, வயிற்றுக்கடியில் கொடுக்க ஒரு பழைய கம்பளம்.
இருட்டுவதற்குள் இழுத்துவிட்டார்கள்.
தோல் உரிந்திருந்தது. எலும்பு பிழைத்தது.

எல்லாரும் போன பிறகு
கைப்பேசி வெளிச்சத்தைத் துளைக்குள் விட்டு
குப்புறப் படுத்துப் பார்த்தாள்.
கீழே ஓர் அறை.
சுவரோடு சுவராகப் பாறையில் குடைந்த நான்கு தீனித்தொட்டிகள்.
விளிம்பெல்லாம் வழவழப்பு,
எத்தனையோ தாடைகள் உரசி உரசி.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
கயிறு கோக்க ஒரு கண்.

"கட்" என்றாள், துளைக்குள்.
அது திருப்பிச் சொன்னது,
'ட்' தேய்ந்து
'க' மட்டும்.

மறுநாள் ஏழு பேர்.
அழகிய குதிரைகளின் நாடு, என்று தொடங்கினாள்,
கட்டுப்போட்ட காலைத் தூக்கி நின்ற
ஃபின்டிக் பக்கம் திரும்பாமல்.
பிறகு, பதினோரு வருடமாகச் சொல்லாத ஒரு வரி:
"இங்கே கொஞ்சம் மெல்ல மிதியுங்கள்."