பதினொரு ரூபாய் முப்பத்தைந்து காசு

தாணா தெரு முனையில்
கம்பெனி கொடுத்த குடையின் கீழ்
நான் ஆயுளை விற்றுக்கொண்டிருந்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய்,
ஒரு போட்டோ, ரேஷன் கார்டு ஜெராக்ஸ்,
மூன்று இடத்தில் கையெழுத்து.
இனி ரீசார்ஜே கிடையாது சார், லைஃப்டைம்.
ஒரு சிம்முக்கு எனக்கு நாற்பது ரூபாய்.
மழை வந்தால் அரை நாள் போச்சு.

எத்திராஜுலு மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவர்.
ஃபார்மை முழுசாகப் படித்த ஒரே ஆள்,
வெயிலில் நின்றபடி, பின்பக்கத்தையும்.
எறும்புச் சாரியாய் ஊர்ந்த எழுத்தின் மேல்
பேனா மூடியை நகர்த்திக்கொண்டே வந்து
ஓரிடத்தில் நிறுத்தினார்.
"ஆயுள்னு போட்டிருக்கே தம்பி,
யாரோட ஆயுள்?"

பயிற்சியில் அந்தக் கேள்வி வரவில்லை.
எழும்பூரில், ஏசி அறையில், சமோசா கொடுத்து
இரண்டு நாள் சொல்லித் தந்ததெல்லாம்
எப்படிச் சிரிப்பது,
எந்த நொடியில் பேனாவை நீட்டுவது.
"உங்க ஆயுள்தான் சார்" என்றேன்.
நீட்டினேன்.

லைசென்ஸின் ஆயுள் என்று
அதே வரியில்தான் இருந்திருக்கிறது.
நான் படித்தது பிறகு,
கடைசிச் சம்பளம் வராத மாதத்தில்,
மிச்சமான ஃபார்ம்களை எடைக்குப் போட்டு
அதிலொன்றில் எனக்கே பஜ்ஜி மடித்து வந்தபோது.
எண்ணெய் பட்ட இடத்தில்
பின்பக்கம் முன்பக்கமாகத் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சிக்னல் கோடுகள்
நான்கு, இரண்டு, ஒன்று,
பிறகு வெறும் ஆணி மாதிரி ஒரு குச்சி.
ஆபீஸில் பூட்டு.
குடையை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
இன்னும் அதன் கீழ்தான் இருக்கிறேன்.
எழுத்து வெளுத்துவிட்டது.
இப்போது பவுச், சார்ஜர் வயர், டெம்பர் கிளாஸ்.

போன செவ்வாய் வந்தார்.
லாமினேட் செய்த ரசீதைக் கவுண்டரில் வைத்தார்.
சண்டை என்று நினைத்து எழுந்தேன்.
"உக்காரு. ஏழு வருஷம் நாலு மாசம் ஓடிச்சு.
எண்பத்தெட்டு மாசம்.
வகுத்தா பதினோரு ரூபா முப்பத்தஞ்சு காசு.
நஷ்டமில்ல."
"இப்ப எதுல சார் இருக்கீங்க?"
"அதே நம்பர், வேற கம்பெனி. பீரோ கதவுல
பெயிண்ட்ல எழுதி வெச்சது, மாத்த முடியுமா?
இவன் ஆயுள்னு சொல்றதில்ல.
இருபத்தெட்டு நாள்ங்கறான்.
இருபத்தெட்டு நாளும் குடுக்கறான்.
மாசத்துல மீதி ரெண்டு நாள் எங்க போவுதுன்னா
அது தனிக் கணக்கு."

பிறகுதான் கேட்டார், கண்ணாடியைக் கழற்றி:
"அன்னிக்குத் தெரிஞ்சுதான் சொன்னியா?"

ஒரு ஷேர் ஆட்டோ எங்கள் நடுவில் வந்து நின்று
இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது.
தெரியாது என்றால் அது உண்மை.
தெரிந்துகொள்ளாமல் இருந்தேன் என்றால்
இன்னும் உண்மை.
அன்றைக்கு மட்டும் பதினாறு சிம் போட்டிருந்தேன்.
அக்காவுக்குச் சீர் வைக்கிற மாதம்.
எதையும் சொல்லவில்லை.
அவர் போன் திரையில் விரிசல் இருந்தது,
அதைப் பார்த்தேன்.
"குடுங்க சார், கிளாஸ் ஒட்டித் தர்றேன்."

தூசி துடைத்து,
நடுவிலிருந்து ஓரத்துக்குக்
காற்றுக் குமிழைத் தள்ளினேன்.
ஒன்று மட்டும் போகவில்லை.
"எவ்வளவு?"
"நூத்தம்பது சார். லைஃப்டைம்..."
என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது.

அவர் காத்திருந்தார்.
மீட்டர் சக்கரம் ஒரு சுற்று முடியட்டும் என்று
நிற்பவரைப் போல.

"உடையற வரைக்கும் சார்" என்றேன்.

சில்லறையாக எண்ணி வைத்தார்.
சட்டைப்பை டைரியைத் திறந்து
தேதி, நூற்றைம்பது, என் பெயர் அப்சல்,
பக்கத்தில் நான் சொன்ன மூன்று வார்த்தை,
ரீடிங் அட்டையில் எழுதுகிற அதே சின்ன எழுத்தில்
குறித்துக்கொண்டு
கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டு
பேனாவை என்னிடம் நீட்டினார்.