மை காயாத மாதம்

கோத்தகிரியில் ஆடி பிறந்தால்
முத்திரை மை காய்வதில்லை.

"வென்டிலேட்டர் வேண்டாம்.
மூக்கில் குழாய் வேண்டாம்.
நெஞ்சை அமுக்கி எழுப்ப வேண்டாம்."
அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்.
பெள்ளியம்மாள், ஐம்பத்தெட்டு,
தேயிலை ஆலையில் இலை நிறுத்தவள்,
மழை நாளில் மூட்டைக்கு இரண்டு கிலோ
ஈரத்துக்குக் கழித்தவள்.
நுரையீரலில் என்னவென்று நான் கேட்கவில்லை.

"ஊசி?" என்றாள்.

"மெஷினை நிறுத்தலாம்மா.
ஊசி போடச் சட்டம் இல்லை."

"கால் ஒடிஞ்ச எருமைக்கு
டாக்டரே வந்து போட்டாரே."

நோட்டரி கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்த கண்ணாடியையே மறுபடியும்.

சாட்சிக்கு இரண்டு பேர்.
ஜெராக்ஸ் கடை சிராஜ் வந்தான்,
கட்டணம் கேட்காத லாரி டிரைவர் ஒருவர்.
மகன் வரவில்லை.
கீழே படிக்கட்டில்
குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தான்.

பேரைத் தமிழில் எழுதினாள்,
எடைச்சீட்டில் எழுதுகிற அதே சாய்வு.
முத்திரை விழுந்தது. ஜன்னல் வழியாக மஞ்சு.
மின்விசிறியைப் போட்டேன், கரண்ட் இல்லை.

"இங்கே குடு" என்று தாளை வாங்கி
அவளே ஊதினாள்.
ஒரு வட்ட முத்திரைக்கு
நாலு மூச்சு.
நடுவில் இருமலுக்காக
தாளை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாள்,
நனையாமல்.