நேர்கோடு

வியாழன் இரவு எட்டு மணி வகுப்பு.
மங்காஃபில் எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல்;
மடிக்கணினிக்குள் பதினோரு ஜன்னல்கள்.
ஒவ்வொன்றிலும் என் வயதில் ஒரு முகம்,
முகத்தருகே ஒரு நீலப் பம்ப்.
தம்மாம் லுத்ஃபியா மட்டும் கேமராவைத் திறப்பதில்லை.
அவள் இருமும்போது
கறுப்புச் சதுரத்தைச் சுற்றிப் பச்சை விளிம்பு மின்னும்.
அப்படித்தான் அவளைத் தெரியும் எங்களுக்கு.

முதல் பாடம்:
குலுக்கு, மூச்சை வெளியே விடு,
உதட்டை இறுக்கி, அமுக்கிக்கொண்டே மெல்ல இழு,
பத்து எண்ணும்வரை பிடித்து வை.
எட்டு வருடமாக நுரையீரலுக்கு என்று நினைத்துத்
தொண்டைக்கு மருந்தடித்திருக்கிறேன்.

இரண்டாம் பாடம்: தூண்டுபவை.
பெட்டிகளில் டிக் அடிக்க வேண்டும்.
பூனை. இல்லை.
மகரந்தம். மங்காஃபிலா?
புகை. பக்கத்து அறை லில்லி ஆன்ட்டி அயிலை பொரிக்கிறார்,
இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்படி. டிக்.
வியாழன்தோறும் உம்மா போடும் சாம்பிராணி.
அரை டிக் இருந்தால் அடித்திருப்பேன்.
கடைசியில் ‘மற்றவை’, எதிரே ஒரு கோடு.
கதவுக்குப் பின்னால் ஆணியில்
வாப்பாவின் கவரால் தொங்கிக்கொண்டிருந்தது.
அஹ்மதி ரிஃபைனரியில்
சூட்டுக் குழாய்களுக்குப் போர்வை சுற்றும் வேலை.
கண்ணாடிக் கம்பளித் தூள்
டியூப்லைட்டில் அதன் தோளில் மினுக்கும்.
அந்த ஆணியில்தான் வாடகை தொங்குகிறது,
என் ஸ்கூல் ஃபீஸ் தொங்குகிறது,
இந்த வகுப்புக்கான வைஃபையும்.
கோட்டைக் காலியாக விட்டேன்.

உம்மா மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்வார்:
“இளைப்பு இருக்குன்னு ஊர்ல யார்ட்டயும் மூச்சு விட்றாதே.”
தினமும் காலையில் மீட்டரை ஊதுவேன்.
சிவப்புக் குறி ஏறி முந்நூறில் நிற்கும்.
நிஜமாகவே
மூச்சுக்கு முந்நூறு.
மஞ்சள்.
அட்டவணையில் நானூறு என்று போடுவேன். பச்சை.
மஞ்சள் என்றால் ‘ஏன்?’ என்று அடுத்த கட்டம் திறக்கும்.
ஏன் என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரு ஆணி.

மூன்று வாரம்
நானூறு நானூறு நானூறு.

ரூவி டெரன்ஸ்தான் பிடித்தான்,
என் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருப்பவன்.
குழுவில் இல்லை, தனியாக ஒரு செய்தி:
“சஹ்லா, உன் கிராஃப் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கு.
செத்தவங்களுக்குத்தான் கோடு அவ்ளோ நேரா வரும்.”
கொஞ்ச நேரம் கழித்துக் கீழே:
“நானும் போன டெர்ம் அப்படித்தான். ஃபுட்பால் டீம்.”

பதில் போடவில்லை. கோபம்.

அப்புறம் தூசிக்காற்று.
செவ்வாய் மதியம் வானம் மஞ்சளாகி, செம்மண்ணாகி
எதிர்க் கட்டிடத்தை எடுத்துக்கொண்டு போனது.
ஜன்னல் சந்தில் உம்மா ஈரத்துண்டு செருகினார்.
ஊதினேன். இருநூற்றுப் பத்து.
இன்னொரு தரம். இருநூறு.
ஸ்பேசர், பம்ப், பாடத்தில் சொன்ன இடைவெளி,
மறுபடி பம்ப்.
விலா எலும்புகள் உள்ளே வெளியே என்று
சண்டை போட்டு அலுத்தன.
இருபது நிமிடத்தில் இருநூற்று எழுபது.

நடந்ததை நடந்தபடி அட்டவணையில் போட்டேன்.
‘ஏன்?’ திறந்தது.
தூசி என்று எழுதித் தப்பித்திருக்கலாம்,
அன்றைக்கு ஊரே தூசி.
தூசி என்று எழுதி
ஒரு கமா போட்டேன்.

ஆறரைக்கு வாப்பா வந்தார்,
கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் முகம்.
கவராலைக் கழற்றி ஆணிக்குக் கை நீட்டும்போது
“வாப்பா, அது” என்று
மூச்சு விட்டேன்.
முழுசாகக் கூடச் சொல்லவில்லை.
அவர் தோளைத் தட்டிப் பார்த்தார்.
விளக்கடியில் பறந்ததைப் பார்த்தார்.
“கருப்பு பை ஏதும் இருக்கா?” என்றார் உம்மாவிடம்.

விடிகாலை நாலரைக்கு மாடிப்படியில் ஒரே சத்தம்.
பைக்குள் கட்டி வாசலில் வைத்த கவராலை
குப்பையென்று ஹாரிஸ் கொண்டுபோய்விட்டார்.
தெரிந்த அரபி, தெரியாத அரபி எல்லாம் பேசி
தொட்டிக்குள் பாதி இறங்கி
பஸ் ஹாரன் அடிக்க அடிக்க
வாப்பா அதை மீட்டெடுத்துக்கொண்டு ஓடினார்.

சிரித்துச் சிரித்து இருமினேன்.
இருமி முடித்து ஊதினேன்.
முந்நூற்றுப் பத்து.
இன்னும் மஞ்சள்தான்.
அப்படியே எழுதினேன்.