பல் பதிந்த இடம்

காலை ஐந்தே முக்காலுக்கு முதல் பிள்ளை வந்துவிடும்.
கையுறைத் தொழிற்சாலை பஸ்
லாபிஸ் எண்ணெய்க் கடை முன்னால் ஆறு மணிக்கு நிற்கும்,
அதற்குள் தாய் ஓடவேண்டும்.
தூங்கும் பிள்ளை, பால் போத்தல், மாற்று உடை,
அப்புறம் கைப்பேசி. சார்ஜரோடு.

மாதம் இருநூற்றைம்பது வெள்ளி.
ஏழு பிள்ளைகள்.
மலிவு வீட்டு வரிசையில் கடைசி வீடு என்னுடையது,
பின்கதவைத் திறந்தால் செம்பனை.

ஏழு மூலை கிடையாது என் வீட்டில்,
ஆனாலும் ஆளுக்கொரு மூலையில்தான் இருப்பார்கள்.
திவேஷன் சிரிப்பான், யாரைப் பார்த்தும் அல்ல.
ஹேமாஷினி ஒரு நீலக் கரடியிடம் ஆங்கிலத்தில்
வாழைப்பழம் வேண்டுமா என்று கேட்பாள்.
நான் வாழைப்பழத்தை நீட்டினால் திரும்பமாட்டாள்.

யுகவினுக்கு மூன்று வயது நாலு மாதம்.
கிளினிக் மிஸ்ஸி பேர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டாளாம்.
அட்டையில் மலாயில் என்னவோ எழுதி
சிகாமாட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாளாம்.
தாய்க்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை.

என்னைக் குறை சொல்ல வந்தவர்கள் உட்காருங்கள்,
தேத்தண்ணி தருகிறேன்.
தோட்டத்து ஆயாக் கொட்டகையில்
இடுப்பில் கைலித் துண்டு சுற்றி
என்னைத் தூணில் கட்டிவைத்தார்கள்.
முடிச்சைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம்.
ஒருத்தி, ஏழு பிள்ளை, ஒரே அடுப்பு.
நான்தான் கொடுத்தேன். நான்தான் சத்தத்தையும் குறைத்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை.
பதினோரு மணிக்கே இருட்டிக்கொண்டு இடி.
கோபுரம் நிற்கிற குன்றின் மேல் ஒரு வெளிச்சம்,
லைன் போனது, கரண்டும் போனது.
நீலக் கரடி பாதி வாயோடு நின்றது,
நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் தலை தூக்கினார்கள்.
பஸ்ஸில் தூங்கி வேறு ஊரில் இறங்கியவர்கள் போல
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
ஐந்து மாதமாய் ஒரே பாயில் படுக்கிறவர்கள்.

முதலில் அழுகை. அதை எதிர்பார்த்தேன்.
பிறகு பானைமூடி, என் சீப்பு, ஒற்றைச் செருப்பு.
அந்தச் செருப்புக்குத்தான் சண்டை.
கிருத்திஷா இழுத்தாள், யுகவின் விடவில்லை,
அவள் குனிந்து
அவன் முன்கையைக் கடித்தாள்.

ஓங்கிய கையோடு நான் நின்றுவிட்டேன்.

அவன் உடனே கத்தவில்லை.
கையைப் பார்த்தான். பிறகு அவளை.
கண்ணை.
சோறூட்டும்போது என் காதோரத்தைப் பார்க்கிறவன்.
அவன் உதடு பிதுங்கி, மெல்ல உடைந்து, அலறியபோது
அவள் முகமும் அதே மாதிரி உடைந்தது.
கடித்தவளும் அழுதாள்,
செருப்பை அவன் மடியில் வைத்தாள்,
வைத்த கையை எடுக்கவில்லை.

தகரத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது.
உப்புத் தண்ணீரில் கழுவினேன். எண்ணினேன்:
மேலே நாலு, கீழே மூன்று.
அவனும் விரல் வைத்துப் பார்த்தான், பள்ளம் பள்ளமாக.
கி, என்றான்.
கிருத்திஷாவின் கியா, கிள்ளினாள் என்கிறானா,
வெறும் விக்கலா,
சத்தியமாய் எனக்குத் தெரியாது.

ஒன்றரைக்கு லைன் வந்தது.
வட்டம் மறைந்தது, கரடி வாயை மூடியது.
கை நீட்டினார்கள். கொடுத்தேன்.
அரிசி இன்னும் வேகவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

இரவு யுகவினின் தாய் குரல்பதிவு அனுப்பினாள்,
ஒரு நிமிடம் நாற்பது வினாடி.
காசு வாங்குறீங்கல்ல அக்கா, பிள்ளைய பார்க்கமாட்டீங்களா.
இரண்டு தரம் கேட்டேன்.
கடிச்சப்போ அவன் அவள பார்த்தாம்மா
என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன்.
பன்னிரண்டு மணிநேரம் நின்று வந்தவள்
இதை எப்படிப் படிப்பாள் என்று தெரிந்து
மன்னிச்சிரும்மா என்று மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் ஐந்தே முக்கால்.
தூங்கும் பிள்ளை, பால் போத்தல், கைப்பேசி.
என் தோளுக்கு மாறும்போது விழித்துக்கொண்டான்.
பாயில் இறக்கினேன்.
கிருத்திஷா ஏழு மணிக்குத்தான் வருவாள்.
வாசலைப் பார்த்தபடி
சட்டைக் கையை மேலே தள்ளி வைத்திருந்தான்.